தொடாமல் எண்ணியவன்

1954 பிப்ரவரி 9, செவ்வாய்

காலை டியூட்டி. ஆறு மணிக்கு லாக் புத்தகத்தில் வோல்டேஜ் எழுதினேன். ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் எழுதினேன். ஒன்பதரைக்கு லைன்மேன் ததேயுஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "சாறே, பத்து மணிக்குள்ளதையும் எழுதி வச்சிட்டீரே, கரண்டுக்குச் சோசியம் பாக்கீரா?" என்றான். பார்த்தால் பதினொன்று வரை எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கணபதியப்பன், சப்ஸ்டேஷன் ஆபரேட்டர். கையெழுத்து மட்டும் பழையபடி இருக்கிறது.

அழகியநாயகி போய் இன்றோடு எண்பத்திரண்டு நாள்.

மத்தியானம் சோறு தின்றேனா தெரியவில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அப்படியானால் தின்றிருக்கிறேன்.

பிப்ரவரி 14, ஞாயிறு

அழகியின் அப்பா, மாமா, ஆள் விட்டிருந்தார். தாழக்குடிக்கு சைக்கிளில் போனேன். அறுப்புக் காலம். மாமா தெய்வநாயகம் தலைப்பாக்கட்டோடு களத்திலிருந்து வந்தார், உடம்பெல்லாம் தூசி. மாமி இலை போட்டாள். நான் சோற்றில் கைவைத்ததும் பேச்சை எடுத்தாள்.

"மூத்தவ போயிட்டா. எளயவ இருக்கா. மாப்ளே இந்த வீட்டை விட்டுப் போகாண்டாம்."

எளயவள் கோமளவல்லி. அழகியின் தங்கை. பத்தொன்பது வயசு. ரசம் ஊற்றினாள், அதையும் தின்றேன்.

அப்போது புறவாசல் சாய்ப்பு அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் முனகுகிற சத்தம். கை இலையில் அப்படியே நின்றது.

"கோமளா தூரம். அக்காளுக்குள்ள வயித்துவலிதான் இவளுக்கும்," என்றாள் மாமி. "ஒரு பிள்ளை பெத்தா தன்னால போயிரும்."

அழகிக்கும் இதைத்தான் சொல்லி எனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லாமல். நான் மருந்தாக்கும். அது எனக்குக் கல்யாணம் ஆன முதல் மாதமே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 15

நேற்றுக் கேட்டது அழகியின் அதே சத்தம். குரல்கூட அதே குரல்.

மார்ச் 3, புதன்

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் வரிசைப்படுமா என்று பார்க்கிறேன்.

மாதத்தில் மூன்று நாள் அழகி தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கால் நடுங்கும். இஞ்சி, பெருங்காயம், நாட்டு வைத்தியர் சூரணம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றரை வருஷம் கழித்து, போன வருஷம் பிப்ரவரியில், மேற்கே மிஷன் ஆசுபத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே ஓமனா சிஸ்டர். திருவல்லாப் பக்கத்துக்காரி, நாற்பது வயசு இருக்கும். முகத்தில் சிரிப்பே கிடையாது.

அழகியைச் சோதித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டாள். "சாறே, மூத்திரம் முட்டும்போ அடக்குவோமில்ல, அப்படி அடக்குற தசை இடுப்புக்கு அடியில பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. வலி வரும்போ பயத்தில அது இறுகும். இறுகினா வலி கூடும். வலி கூடினா பின்னையும் இறுகும். அதை விடப் படிக்கணும். இறுக்க எல்லாருக்கும் தெரியும், விடத்தான் தெரியாது. மனசிலாச்சா?"

மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, நாலு எண்ணும்வரை மூச்சை உள்ளே வாங்க வேண்டும். ஆறு எண்ணும்வரை வெளியே விடவேண்டும். விடும்போது அந்தத் தசையையும் கூடவே விடவேண்டும். அடிவயிற்றில் ஒரு ஆள் கைவைத்துக்கொண்டிருக்க வேண்டும். கைக்குத் தெரியும், விடுகிறாளா இறுக்குகிறாளா என்று. வலி இல்லாத நாளில் தினமும் பழக வேண்டும். அப்போதுதான் வலி வரும் நாளில் கைகொடுக்கும்.

வடசேரியில் எங்கள் வாடகை வீட்டில் நாங்கள் இரண்டுபேர்தான். தூரம் என்று ஒதுக்க அங்கே யாருமில்லை. நான் கைவைத்து எண்ணுவேன். அழகி சிரிப்பாள். "நல்ல ஆளு, பொண்டாட்டி வயித்தில மீட்டர் பாக்குதிய." நாலாம் மாதம் வாந்தி நின்றது. ஐந்தாம் மாதம் இரண்டாம் நாளே எழுந்து அடுப்பு ஊதினாள்.

இதுவரைக்கும் வரிசையாக வருகிறது. இதற்குமேல் எழுதவில்லை.

மார்ச் 16, செவ்வாய்

அழகியின் புடவைகளைக் கொடுக்கத் தாழக்குடி போனேன். மாமி அவற்றைப் பரணில் வைக்க ஏறினாள். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சாய்ப்புச் சன்னலுக்குள்ளிருந்து கோமளாவின் குரல்.

"அத்தான், அக்கா ஒரு மூச்சு விடுவாளே. அதைச் சொல்லித் தாருங்க."

"எனக்குத் தெரியாது."

காலில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன். பிறகு, "தெரியாதோ? நாலு மணி நேரம் நின்னு எண்ணினியல்லா," என்றாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாமியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 17

சரி. எழுதுகிறேன்.

நவம்பர் 19. அழகிக்கு ஏழு வாரமாகக் குளி இல்லை, நாள் தள்ளியிருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். மாமி வந்து தாழக்குடிக்கு அழைத்துப் போயிருந்தாள். அன்று காலையில் வயிறு வலித்து, கொஞ்சம் போல உதிரமும் பட்டது. மாமி பார்த்துவிட்டு, "பிள்ளையுமில்ல ஒண்ணுமில்ல, குளிதான் தள்ளி வந்திருக்கு" என்று சொல்லிச் சாய்ப்பில் விட்டுவிட்டாள். நான் டியூட்டி முடிந்து மூன்று மணிக்குப் போனேன். அங்கே அது மாமியார் வீடு. தூரமானவளைத் தொட்டுவிட்டு யாரும் உள்ளே வர முடியாது. மாமா கூடத்துப் பட்டாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலுக்கு வெளியே நின்றேன்.

"இந்தத் தடவ வேற மாதிரி வலிக்கு," என்றாள்.

"பழக்கம் விட்டுப்போச்சு, அதான். படு. நான் எண்ணுகேன்."

எண்ணினேன். நாலு உள்ளே, ஆறு வெளியே. கையில் வாட்ச். அவளும் செய்தாள். நான் சொன்னதையெல்லாம் செய்வாள். ஐந்து மணிக்குத் தோள்பட்டை வலிக்குது என்றாள். நீ கோணலாப் படுத்திருக்கே, நேராப் படுன்னேன். நேராப் படுத்தா. கண்ணு இருட்டுகுன்னா. மூச்சை வேகமா விடாதேன்னேன். ஏழு மணிக்கு நாலு எண்ணினேன், ஆறு எண்ணினேன், மூச்சு என் எண்ணிக்கைக்கு வரல்லே.

கார் பிடித்து மேற்கே போகும் வழியில் போய்விட்டாள்.

டாக்டரம்மா என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. தோள் வலி என்று சொன்னாளா? எத்தனை மணிக்கு? கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி வெடித்திருக்கிறது. வயிறு நிறைய ரத்தம். நாலு மணிக்கு வந்திருந்தால் திறந்து கட்டியிருக்கலாம் என்றாள்.

ஃபீடர் டிரிப் ஆகிக் கரண்டு தானாக நின்றால், காரணம் கண்டுபிடிக்காமல் சுவிட்சை மறுபடி போடாதே. எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். நான் போட்டேன். நாலு மணி நேரம் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 4, ஞாயிறு

ஆசுபத்திரிக்குப் போனேன். ஓமனா சிஸ்டரைத் திட்டத்தான் போனேன். நீ படிப்பித்த மூச்சுதான் அவளைக் கொன்றது என்று சொல்ல, வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். சொல்லவும் செய்தேன்.

அவள் கஞ்சிப் பசை போட்ட வெள்ளைச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "அந்தத் தசையை இறுக்கினாலும் விட்டாலும் உள்ளே வெடிச்சது வெடிச்சதுதான். மூச்சு கொல்லல்ல சாறே. நாலு மணிக்கூர் நேரம்தான் கொன்னது. கைவைக்கணும்னு சொன்னேனே, வச்சோ?"

இல்லை என்றேன்.

"வச்சிருந்தா வயிறு பலகை மாதிரி இருக்கதும், ஆளு குளுந்து கிடக்கதும் அறிஞ்சிருப்பீரு."

ஆறுதல் சொல்வாள் என்று நான் நினைத்திருந்தேன் போல. அவள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

ஏப்ரல் 14, புதன்

விசு. கணி பார்க்க வரச்சொல்லி மாமா சொல்லியிருந்தார். தட்டில் வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, பழம். எல்லாம் பார்த்தேன்.

கோமளா கிணற்றடிக்கு வந்தாள். நான் வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கோ மறுநாளோ எனக்கு வந்திரும். ஆசுபத்திரிக்கு விடுங்கன்னா அம்ம விடமாட்டா. அக்காளுக்கு நரம்பைக் கெடுத்ததே அவளுவதான்னு சொல்லுகா. அத்தான், கெட்டிக்கிடுகேன்னு அப்பாட்ட சொல்லுங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"சொல்லிட்டு, முதல்ல வைத்தியம் பாக்கணும், இல்லேன்னா முடியாதுன்னு சொல்லுங்க. மாப்ள சொன்னா விடுவாங்க. சரியானப் பொறவு வேண்டாம்னு சொல்லிருங்க."

"ஊரில பேரு கெட்டுப் போகும் கோமளா. மாப்ள வேண்டாம்னு விட்ட பொண்ணுன்னு சொல்லுவானுவ."

"மாசம் மூணு நாளு சாகுகவளுக்குப் பேரு எதுக்கு?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நன்றாகத்தான் யோசித்திருக்கிறாள். என்னை ஒரு சாவியாக யோசித்திருக்கிறாள். கோபம் வரவேண்டும், வரவில்லை.

ஏப்ரல் 18

சொல்லிவிட்டேன். வருஷத் திவசம் கழிந்து தை மாதம் கல்யாணம். அதற்குள் வைத்தியம். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமி ஆசுபத்திரி என்றதும் முகத்தைத் திருப்பினாள். "அவருக்குப் பெண்டாட்டியாகப் போறவ. அவரு சொன்ன இடத்துக்குப் போட்டும். நீ சும்மா கெட," என்றார் மாமா.

அவர் கண்ணீர் என் கையில் காயும்வரை துடைக்கவில்லை.

மே 3, திங்கள்

மாமியும் கோமளாவும் நானும். கோட்டாறில் பஸ் மாறினோம். ஓமனா சிஸ்டர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "கல்யாணம் ஆகாத பிள்ளை, வெளியிலிருந்து கைவச்சுப் பார்த்தாப் போதும்" என்று மாமியிடம் சொல்லி உள்ளே அழைத்துப் போனாள். டாக்டரம்மாவும் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம். தோள் வலி, மயக்கம், நாள் தப்பி வருகிற வலி என்றால் மூச்சும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நேரே இங்கே வரவேண்டும் என்று கோமளாவிடம் மூன்று தடவை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாளாம் சிஸ்டர். அழகிக்கு இது சொல்லப்படவில்லையா? சொல்லியிருப்பாள். எனக்கும் சொல்லியிருப்பாள். நான் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

திரும்பும்போது மாமி பஸ்ஸில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். "கண்டவளும் கைய வைக்கதுக்கா பெத்தேன்."

மே 14

குறையவில்லை என்று மாமா சொல்லி அனுப்பினார். ஆசுபத்திரி ஏமாற்று என்று மாமி சொல்கிறாளாம்.

ஜூன் 13, ஞாயிறு

போனேன். சாய்ப்பில் கிடக்கிறாள். வாந்தி. மூச்சை விட முயல்கிறாள், நடுவில் விம்மி இறுகிவிடுகிறது. தன் கையையே வயிற்றில் வைத்திருக்கிறாள். அந்தக் கையும் சேர்ந்து இறுகுகிறது.

"மாமி, நீங்க கைவைக்கணும். சிஸ்டர் சொன்னால்லா."

"நாலாம் நாளு குளிச்சு வரட்டும், வைக்கேன்."

"நாலாம் நாளு வலி எங்க இருக்கும்?"

"மாப்ளே, குடும்பத்துக்கு ஒரு முறை உண்டும்."

சாமி விளக்குக்குத் திரி திரிக்கப் போய்விட்டாள். நான் முற்றத்தில் நின்றேன். இந்தத் தடவையும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நவம்பர் 19-ஐப் பற்றி ஒன்று எழுதாமல் விட்டிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஐந்தரை மணிக்குக் கோமளா கருப்பட்டிக் காப்பி கொண்டு சாய்ப்புக்குள் போனாள். டம்ளரை வாங்க அழகிக்குக் கை எழும்பவில்லை. இவள் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். வெளியே ஓடிவந்து, "அக்கா கை சில்லுன்னு இருக்கு, ஐஸ் மாதிரி" என்றாள். மாமி, "ஏட்டி மூதி, தொட்டியா? போய்க் குளி" என்றாள். கோமளா என்னைத்தான் பார்த்தாள். படித்தவன். அவளுக்கு நான் எதையாவது செய்வேன் என்று இருந்திருக்கும்.

நான் சொன்னேன்: "குளிச்சிட்டு வா கோமளா. மாமி சொல்லுகதக் கேளு."

அப்புறம் எண்ணினேன். ஒன்றரை மணி நேரம்.

ஜூன் 20

ததேயுஸ், "சாறே, பெண்ணு பாத்தாச்சு, தை மாசம் சாப்பாடுன்னு கேள்விப்பட்டேன். மொகத்தப் பாத்தா சாவு அடியந்திரச் சாப்பாடு மாதிரில்லா இருக்கு" என்றான். சிரித்தேன். சிரிப்பு வந்தது என்பதே விசேஷம்தான்.

ஜூலை 13, செவ்வாய்

மழைச் சாறல். மாமா வயலில். நான் போனபோது முனகல் பெரிதாகக் கேட்டது. மாமி அடுக்களைக்கும் புறவாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு கையிலிருந்த அகப்பையைத் திண்டில் வைத்துவிட்டுச் சாய்ப்புக்குள் போனாள்.

நான் வெளியிலிருந்து பார்த்தேன். முட்டுப்போட்டு உட்கார்ந்து மகள் அடிவயிற்றில் கையை வைத்தாள். "விடுட்டி. இறுக்காதே. விடு. இன்னும் இறுக்கமா இருக்கு, விடு மக்கா." எண் ஒன்றும் சொல்லவில்லை. விடு, விடு என்று மட்டும் சொன்னாள். அரை மணி நேரத்தில் முனகல் அடங்கியது. கோமளா தூங்கிவிட்டாள். அந்த வீட்டில் முதல் நாளில் யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை.

மாமி கால்வாய்க்குப் போய் மூன்று முங்கு முங்கி ஈரத்தோடு வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட என் முன்னால் நின்றாள்.

"ஒரு குளிதானே மாப்ளே," என்றாள். "தொட்டுட்டு ஒரு குளி குளிச்சாத் தீந்திருக்கும்."

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் அழுது நான் இன்றுதான் பார்த்தேன். தாங்கிப் பிடிக்கவில்லை. எனக்கும் அதே ஒரு குளிக் கணக்குத்தான்.

ஆகஸ்ட் 12, வியாழன்

மேற்கே பஸ் ஓடவில்லை. நேற்றுப் புதுக்கடையில் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு, ஆள் செத்திருக்கிறது. சப்ஸ்டேஷனுக்குப் போலீஸ் காவல். எனக்கு இரட்டை டியூட்டி. இன்று கோமளாவுக்கு நாள். ஆசுபத்திரிக்கும் போக முடியாது, தாழக்குடிக்கும் போக முடியாது.

ஆகஸ்ட் 15

மாமா கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார். வாந்தி இல்லையாம். மறுநாளே நெல் அவித்தாளாம். "ஒம்ம கைராசி மாப்ளே."

செப்டம்பர் 26, ஞாயிறு

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறதா என்று பார்க்கிறேன். நேற்றுச் சட்டையை வெளுக்கப் போட்டேன். இன்று கோமளா அவியல் வைத்திருந்தாள். உப்புக் கூடுதல். கூடுதல் என்று நாக்குக்குத் தெரிந்தது. இத்தனை மாதமாக நாக்குக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

கள்ளச் சம்மதம்தானே? எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் ஞாபகம் இருக்குமா?

அக்டோபர் 11

பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டிலேயேதானா என்று. ஆமாம் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்?

டிசம்பர் 9, வியாழன்

தாழக்குடியில் அழகிக்கு ஆண்டுத் திவசம், திதிப்படி இன்றுதான் வந்தது. எள்ளும் தண்ணீரும் விட்டேன். மனைவி பேர் என்ன என்று ஐயர் கேட்டார். ஒரு நிமிஷம் பேர் வரவில்லை. கோமளாதான் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

டிசம்பர் 10

அங்கேயே தங்கினேன். காலையில் கோமளா கிணற்றடிக்கு வந்தாள். தை எட்டாம் தேதிக்கு நாள் குறித்திருக்கிறார் மாமா.

"எப்பச் சொல்லப் போறிய?" என்றாள்.

"சொல்லாம இருந்தா என்ன கோமளா?"

அவள் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி கீழே போய் விழுகிற சத்தம் கேட்டது.

"நீங்க கெட்டவரில்ல. எனக்குத் தெரியும். ஆனா வலி வந்தா நான் ஒங்க மொகத்தத்தானே பாக்கணும். அன்னைக்கு நீங்க என்னைக் குளிக்கச் சொன்ன மொகம். எனக்கு அந்தத் தசை இறுகும் அத்தான். விடாது."

வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி கேட்டு உள்ளே போனாள். நான்தான் துழாவி எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 12, ஞாயிறு

சொன்னேன். எனக்கு மனசில்லை, வேறு எங்கும் கட்டிக்கொடுங்கள் என்று சொன்னேன். மாமா காரணம் கேட்டார். காரணம் இல்லை என்றேன். வடசேரியில் எவளாவது உண்டுமா என்றார். பேசாமல் இருந்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும், பழி என்மேல் வரட்டும்.

மருமகனே, மாப்ளே என்றெல்லாம் இருந்தது ஒரு வாக்கியத்தில் போயிற்று. "ஒருத்தியைக் கொன்னே. இன்னொருத்தி கழுத்த அறுத்தே. இனி இந்தப் படி ஏறினா காலை வெட்டுவேம்லே."

உள்ளே கோமளா சத்தமாக அழுதாள். நடிப்புத்தான். நன்றாக அழுதாள். மாமி மட்டும் வாசல்வரை வந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ? கதவைச் சாத்தினாள். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

டிசம்பர் 13

லாக் எழுதினேன். ஒவ்வொரு மணிக்கும் அந்தந்த மணிக்குள்ளதை.

1955 ஜனவரி 22

தை எட்டு. மத்தியான டியூட்டி.

மார்ச் 19, சனி

கோட்டாறு பஸ் நிலையத்தில் ஓமனா சிஸ்டர். மருந்துப்பெட்டி வாங்க வந்தாளாம். நானாகப் போய்ப் பேசினேன்.

"உங்க கொழுந்தியா நேத்து வந்திருந்தா. அம்மையும் உண்டு. நேத்து அவளுக்கு ஒண்ணாம் நாள். இனி வரண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அவளுக்கு எல்லாம் கைவந்தாச்சு."

"கல்யாணம் ஏதாவது…?"

"ஒண்ணும் வரல்லையாம். வாற ஆளெல்லாம், முதல்ல உள்ளவன் எதுக்கு விட்டுட்டுப் போனான்னு கேக்கானாம். அம்மை கரைஞ்சு அழுதா. பிள்ளை கரையல்ல."

அவள் பஸ் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன்.

"என்னைக் கேட்டாளா?"

"இல்ல சாறே," என்றாள். அப்போதும் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. பஸ் நகரும்போது ஏதோ நினைத்துக்கொண்டு கம்பி வழியாகத் தலையை நீட்டினாள். "ரண்டு பஸ்ஸிலும் கூட்டமாம். ஒரு சீட்டு கிடைச்சதில அம்மையை இருத்திட்டு, அவ நின்னேதான் வந்தா."

தாழக்குடியிலிருந்து ஆசுபத்திரிக்குப் பதினாறு மைல். முதல் நாள். நின்றுகொண்டு.